அரிய நாணயத்தின் பெறுமதி எங்கே இருக்கிறது?

பழைய நாணயம் என்றால் வயதுதான் அதன் பெறுமதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியல்ல. சுமார் 1,600 ஆண்டுப் பழமையான உரோமச் செப்புக்காசுகள் இலங்கையிலும் தமிழகத்திலும் ஏராளமாகக் கிடைத்தன. அவ்வகைக் காசுகள் பல இன்றும் மலிவுதான். எஞ்சிய எண்ணிக்கை, தேயாத நிலை, வேண்டுவோர் தொகை ஆகியனவே விலையை உயர்த்துகின்றன. (சுவாமியறைக் காசை நாம் புளி போட்டு மினுக்குவதைச் சேகரிப்போர் கண்டால் பதறிப்போவர்!)

1903இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட வெள்ளி டொலர், புழங்காத புதுநிலையில் மிக அரிதாயிருந்தது. பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன என்றே நம்பினர். 1962இன் இறுதியில் அமெரிக்கத் திறைசேரி தன் பெட்டகங்களில் கிடந்த பைகளை வெளியிட்டபோது, அதே நாணயம் பை பையாக வந்தது. விலை சரிந்தது.

முன்பே அதை வைத்திருந்தவரின் காசில் ஒரு கீறலும் விழவில்லை. வெள்ளியும் எழுத்தும் அப்படியே இருந்தன. பிறரிடம் அது இல்லை என்ற நிலை மட்டுமே போயிற்று. அப்படியானால் அவர் அதுவரை போற்றியது காசையா, அயலவரின் இல்லாமையையா? இரண்டும் கலந்தே இருந்தன என்று நாம் நினைக்கிறோம். அழகுக்காகவும் வரலாற்றுக்காகவும் சேர்த்தவர், தம்மைப்போல் இன்னும் பலர் அதைக் கையிலெடுத்துப் பார்க்கலாமே என்று மகிழ இடமுண்டு. ஆனால் முதலீடாக வாங்கியவரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கவும் நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் படிப்புக்கென ஒரு காசை வாங்கி வைத்தவருக்கு அந்த நட்டம் நட்டந்தான்.