அவருக்குத் தெரியாமல்

சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், குடிப்பவருக்கே தெரியாது என்று சொல்லும் விளம்பரத்தைத் தமிழ்நாட்டின் பேருந்து நிலையச் சுவர்களில் பார்க்காதவர்கள் குறைவு. சிலர் லேகியம் என்பார்கள், சிலர் சூரணம், சிலர் வெறுமனே மூலிகை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. யாரிடம் பேசுகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்: குடிப்பவரிடம் அல்ல, அவருக்குச் சோறு போடுகிறவரிடம்.

குடிநோய்க்கு எந்த சிகிச்சை, எந்த மையம் என்று தேடும் குடும்பங்கள் கட்டணத்தையும் தங்க வேண்டிய நாட்களையும்தான் முதலில் விசாரிக்கின்றன. அதற்கும் முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருவரை அவருடைய நன்மைக்காக, அவருக்குத் தெரியாமலோ அவரை மீறியோ குணப்படுத்த முயலலாமா? பல வீடுகளில் இது கேள்வியாகவே எழுவதில்லை. குடிப்பவரின் சொல்லுக்கு அங்கே மதிப்புப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ரகசியமாகக் கொடுக்கப்படுபவற்றில் நன்கு அறியப்பட்டது டைசல்ஃபிரம் மாத்திரை. குடித்த சாராயம் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகுதான் தீங்கற்ற பொருளாகிறது. இந்த மாத்திரை இரண்டாவது படியைத் தடுத்துவிடும். அதை விழுங்கியவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கக்கூடும். தெரியாமல் மருந்து கொடுக்கப்பட்டவர் ஏதோ ஒரு டாஸ்மாக் மதுக்கடை வாசலில் சுருண்டு விழுந்தால், அவரைத் தூக்கிச் செல்கிறவருக்கும் காரணம் தெரியாது, மருத்துவமனையில் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

இந்த மருந்தின் கதையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1940களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழுவுக்கான மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்திய பாட்டில்தான் இதன் இன்னொரு பயன் தெரிந்தது. தன் உடம்பில் என்ன சேர்கிறது என்பதை அறிந்த மனிதர்களிடமிருந்து பிறந்த மருந்து, இன்று குழம்பில் கரைந்து போகிறது.

அறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பலனை மட்டும் பார்த்தாலும் ரகசியம் தோற்கிறது. மாத்திரையை விழுங்குகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்து நடந்த ஆய்வுகளில் டைசல்ஃபிரம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. கொடுப்பது உண்மை மருந்தா போலியா என்பதை மறைத்து நடத்திய ஆய்வுகளில் அதற்குத் தனிப் பலன் தென்படவில்லை. காரணம் எளிது. "இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் செத்தேன்" என்ற நினைப்புதான் கையைத் தடுக்கிறது. காலையில் மனைவியின் முன்னால், தானாகவே வாங்கி விழுங்குகிறவரின் அந்த நினைப்பே பாதி சிகிச்சை. தெரியாதவருக்கு அந்தப் பாதி கிடைப்பதில்லை, மிஞ்சுவது ஆபத்து மட்டுமே.

இதைச் சொல்லிவிட்டு, கலந்து கொடுக்கும் பெண்ணைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது மிக எளிது. அது நியாயமும் அல்ல. அடி வாங்குகிறவள் அவள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் குவார்ட்டர் பாட்டிலாகக் கரைவதைப் பார்க்கிறவள் அவள். "வா, டாக்டரிடம் போவோம்" என்று பலமுறை கேட்டு, பலமுறை ஏச்சு வாங்கியவள். கோயிலில் கயிறு கட்டச் சொல்லி, அதுவும் பத்து நாளில் அறுந்த பிறகு மறைவாக எதையோ கலக்கிறாள் என்றால், அது அதிகாரம் இல்லாதவளின் கடைசி ஆயுதம். அதே பாவத்தைப் படித்துத் தெரிந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலேயே மனைவியிடம் சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவர், சீட்டே இல்லாமல் நீட்டும் கடைக்காரர், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் டப்பாவை விற்கிறவர். இவர்களுக்கு அச்சமோ அடியோ இல்லை, லாபம் மட்டுமே இருக்கிறது. செயல் ஒன்றுதான் என்றாலும் குற்றத்தின் எடை ஒன்றல்ல.

அந்தப் பெண்ணுக்கும் கணவனுடைய சிகிச்சையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய சொந்த உரிமைகள் உண்டு. அவன் திருந்தும்வரை அவள் அடியைப் பொறுத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கானது, 181 என்ற உதவி எண்ணும் அவளுக்கானது. அவன் குடியை நிறுத்துவது அவள் பொறுப்பு என்று வீடும் ஊரும் அவள் தலையில் கட்டியதில்தான் இந்த ரகசிய மருந்துக்குச் சந்தையே பிறந்தது.

அடுத்தது, அவரை மீறிச் செய்வது: விடியற்காலையில் வரும் வண்டி. சில மையங்களிடம் தொலைபேசியில் பேசினால் போதும், "நாங்களே ஆளைத் தூக்கிட்டு வந்துடுறோம்" என்பார்கள். மூன்று நான்கு பேர் வந்து, தூக்கத்திலிருப்பவரை அப்படியே அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு அன்று நிம்மதி. அள்ளப்பட்டவருக்கு அந்த நாளின் பெயர் கடத்தல்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாதது. குடிநோய் மூளையைப் பிடித்திருக்கிறது, அவர் சொல்லும் "வேண்டாம்" அவருடையதல்ல, போதையுடையது என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அந்த ஓரளவை முழு அளவாக்குவதில்தான் பிழை. அதே மனிதர் காலையில் வேலைக்குப் போகிறார், வாக்களிக்கிறார், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தெல்லாம் செல்லும்போது, சிகிச்சை வேண்டாம் என்ற சொல் மட்டும் செல்லாது என்றால், அது நமக்கு வசதியான அளவுகோல். முடிவெடுக்கும் திறன் ஏறியும் இறங்கியும் இருப்பது. இரவு 10 மணிக்கு இல்லாதது, அடுத்த நாள் காலை 11 மணிக்கு இருக்கலாம்.

இந்திய சட்டம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சம்மதமின்றிச் சேர்க்க வேண்டுமானால், நோயாளியின் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ துன்புறுத்தும் நிலையிலோ, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத அபாயத்திலோ நோயாளி இருக்க வேண்டும். அப்போதும் முதற்கட்டம் 30 நாள்தான். மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், நோயாளியும் அதை எதிர்த்து முறையிடலாம். பதிவு செய்யாமல் மையம் நடத்தினால் அபராதம் உண்டு. சங்கிலியால் கட்டுவது எந்த நிலையிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகும் இந்தக் கடைசி வரியைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்பது வெட்கம்தான்.

இருந்தாலும், கட்டாயமே கூடாது என்று சொல்லிவிடவும் முடியாது. நெடுங்காலம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வரலாம். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத மனிதர்களோடு சண்டை போடுவார், வலிப்பும் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் சாவும் உண்டு. அந்த நிலையில் அவரிடம் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அறமல்ல, அசட்டுத்தனம். தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். ஆனால் எங்கே? மருத்துவமனைக்கு. டயஸெபாம் போன்ற மருந்தும் தயமின் ஊசியும் இரவுப் பணி செவிலியரும் உள்ள இடத்துக்கு. மருத்துவரே இல்லாத மையத்தில் அடைத்து, "கஷ்டப்பட்டால்தான் புத்தி வரும்" என்று குடியை ஒரே நாளில் நிறுத்த வைப்பது, எந்தக் காரணத்துக்காகக் கட்டாயம் நியாயமாகிறதோ அதே காரணத்தைக் காலால் மிதிப்பது. உயிரைக் காக்கத்தான் கட்டாயம் என்றால், அந்த ஆபத்து நீங்கியதும் கட்டாயமும் நீங்க வேண்டும். ஆறு மாதம் பூட்டி வைக்க அது சாக்கு ஆகாது.

இப்படிப் பார்த்தால் மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறுகிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை குடிப்பவரோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட இடங்களைப் பார்த்தவர்களுக்கு, எதைக் கேட்க வேண்டும் என்பது புரியும். உள்ளே இருப்பவரைப் பார்க்கவும் அவரோடு பேசவும் விடுவார்களா? முதல் வாரம் யார் பார்த்துக்கொள்வார்கள், அடி உண்டா, வீட்டுக்குத் திரும்பிய பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார்கள்? நூறு சதவீதம் குணமாகும் என்று உத்தரவாதம் தருகிற மையத்தை அந்தச் சொல்லுக்காகவே தவிர்க்கலாம். சிகிச்சைக்குப் பின் மீண்டும் போதைக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் இருப்பதைப் போன்ற அளவுதான். வழுக்கி விழுந்தவரைத் துரோகி என்று நடத்தாமல், மருந்தை மாற்றுவதுபோல் வழியை மாற்றிப் பார்க்கும் இடமே நல்ல இடம்.

கட்டடமே தேவைப்படாமலும் போகலாம். கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகமாகக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். ஆய்வு முடிவுகள் 2017இல் வெளியாயின. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் ஏறத்தாழ 54 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 32 சதவீதம். குடிக்கு முற்றிலும் அடிமைப்பட்டுவிட்டவர்களிடம் நடந்த ஆய்வல்ல இது. என்றாலும் அங்கே யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. உட்கார்ந்து பேசினார்கள்.

இப்படிப் பேசுவதற்கு ஆளில்லை என்பதுதான் நடைமுறை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மது விற்பனையில் ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்க்கும் தமிழ்நாட்டில், குவார்ட்டர் வாங்க நடக்கும் தூரத்தில் ஆலோசகரும் இருந்தால் சுவர் விளம்பரத்துக்கு வேலை இருக்காது. குடும்பங்களின் கட்டாயத்தைக் கண்டிப்பதற்கு முன் அரசு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2017 மனநலச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. ஒருவர் தெளிவோடு இருக்கும்போதே, முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: முடிவெடுக்கும் திறனை நான் இழந்தால் எந்த சிகிச்சை தரலாம், எது கூடாது, என் சார்பில் யார் பேசலாம். குடிநோயாளிகளுக்கு இது மிகப் பொருந்தும். பிதற்றல் வரும் இரவில் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனை என்பதை அவரே ஒரு காலையில் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். அப்போது அந்த இரவின் கட்டாயம் அவருடைய சொந்த வார்த்தையாகிறது. ஆனால் முடிவெடுக்கும் திறன் இருக்கும்போது அவர் சொல்வதுதான் எழுதி வைத்ததைவிடப் பெரிது என்றும் சட்டம் சொல்கிறது. கை நடுங்க, முதல் குவார்ட்டருக்கு முந்தைய நிமிடத்தில் "அதெல்லாம் வேண்டாம்" என்று அவர் சொன்னால், அந்த நேரத்தில் அவருக்குத் திறன் இருந்ததா இல்லையா என்பதை மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.