மூச்சு சொல்லும் தூரம்

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும் என்பது பஞ்சாங்கக் கணக்கு. எங்கள் வீட்டுப் பக் நாய்க்கு அது ஏப்ரலிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் விடியுமுன் கேட்டருகே போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஆசையில் அதற்குக் குறைவே இல்லை. குறையெல்லாம் மூச்சில்.

*

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் வியர்க்கும் கொஞ்சம் ஈரத்தால் உடல் சூடு தணியாது. இரைப்பதுதான் முக்கிய வழி. காற்று மூக்கின் உட்புறத்தையும் நாக்கையும் தொட்டுப் போகும்போது ஈரம் ஆவியாகிறது, சூடும் கூடவே போகிறது. நீள மூக்குள்ள சிப்பிப்பாறை நாய்க்கு அந்த ஈரப்பரப்பு தாராளமாக இருக்கிறது. பக்குக்கு, அழகென்று நினைத்து, தலைமுறை தலைமுறையாக முக எலும்பைக் குறுக்கிவிட்டோம். உள்ளே இருந்த சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மெல்லண்ணம் நீண்டு மூச்சுப்பாதையின் வாசலை மறைக்கிறது. மூக்குத் துவாரம் பல நாய்களுக்கு வெறும் கீறல்தான். இந்த வழியாக வேகமாக இரைக்க உடம்பு பாடுபட வேண்டும். அந்தப் பாடே மேலும் சூட்டைக் கிளப்புகிறது. தொண்டைச் சதை வீங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது, நாய் இன்னும் வேகமாக இரைக்கிறது. இந்தச் சுழலுக்குள் ஒரு நாய் விழுந்தபின் தானாக வெளியே வருவது மிகக் கடினம்.

*

2003இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போன இடமெல்லாம் ஒரு பக் போனது. அதைப் பார்த்து எத்தனையோ வீடுகளில் பக் வாங்கினார்கள். விளம்பரம் காட்டிய குணம் உண்மைதான், பக் பின்னாலேயே வரும். எனக்குப் பயம் அதில்தான். முடியாமல் வழியில் உட்கார்ந்துவிடும் நாய் தன்னைக் காத்துக்கொள்கிறது. முடியாதபோதும் கூடவே வருகிற நாய்க்காக நாம்தான் நிற்க வேண்டும்.

பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தார்கள், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுடையவை. லாப்ரடாரை விட புல்டாக்குக்கு வெப்பத்தால் நோய் வரும் ஆபத்து சுமார் 14 மடங்கு, பிரெஞ்சு புல்டாக்குக்கு 6, பக்குக்கு 3. என்னை உலுக்கியது வேறொன்று. பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, நடையாலும் ஓட்டத்தாலும் விளையாட்டாலும் பாதிக்கப்பட்டவை. பூட்டிய கார் அல்ல, பிரியத்தோடு கூட்டிப்போன நடை. அதுவும் அந்தக் குளிர் நாட்டில்.

*

சென்னையில் விடியற்காலை நல்லதுதான், ஆனால் முழுக்க நம்பக் கூடாது. வெயில் இல்லாத அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரம் மிகுதி. புழுக்கத்தில் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. மாலையில் சூரியன் போனபிறகும் தார் ரோடு சூட்டை வைத்திருக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து வினாடி பொறுக்க முடியாவிட்டால் அன்று தெருவே வேண்டாம்.

கழுத்துப் பட்டையை விட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸுக்கு மாறியிருக்கிறோம், தொண்டை அழுந்தாமல் இருக்க. பந்து எறிவது கோடையில் கிடையாது. வேப்பமர நிழலில் அது மோப்பம் பிடித்தபடி நடக்கும், நான் அதன் சத்தத்தைக் கேட்டபடி நடக்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வகுத்த சோதனையும் கேட்பதுதான். நாயை 3 நிமிடம் மெல்ல ஓடவிட்டு, முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறார்கள். என் காதுக்கு அவ்வளவு நுட்பம் இல்லையென்றாலும் வழக்கமான உறுமலுக்கும், இழுக்கும்போது கரகரக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது. கரகரப்பு கேட்டால், பாதித் தெருவில் இருந்தாலும் திரும்பிவிடுவோம். நின்றபிறகும் இரைப்பது அடங்காவிட்டால் மறுநாள் நடை இல்லை. வீட்டுக்குள் பழைய துண்டின் மடிப்புகளில் தீனியை ஒளித்து வைத்துத் தேடவிட்டால் அதற்குப் போதும்.

அம்மாவுக்கு அதற்கு நெய்ச்சோறு வைக்காமல் இருக்க மனம் வராது. வெயில் காலத்திலாவது வேண்டாம்மா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஏறும் ஒவ்வொரு கிலோவும் அந்தச் சிறிய மூச்சுப்பாதைக்குப் பாரம்.

*

பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருப்பது, வீட்டில் எல்லோருக்கும்:

நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால், எச்சில் நூலாக ஒழுகினால், தள்ளாடினால், வாந்தியெடுத்தால், முதலில் குளிரவை, பிறகு டாக்டர். நிழலுக்குக் கொண்டு போ. உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஃபேனை வை. ஈரத்துண்டால் மூடி வைக்காதே, சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரை வலிய ஊற்றாதே. நாயின் இயல்பான சூடு ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடும். ஆட்டோவில் போகும்போதும் நனைத்துக்கொண்டே போ.

*

மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும், நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. தொண்டை மேலும் கெடுவதற்குள், இள வயதில் செய்தால் பலன் அதிகம். எங்கள் பக்குக்கு இன்னும் வயது இருக்கிறது. மழைக்காலம் முடிந்து சற்றுக் குளிர்ந்ததும் டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும், அடுத்த ஏப்ரலுக்கு முன்பாக.