விரல் போதுமா, காது வேண்டாமா?

கிடார் கற்கும் பிள்ளைகள் முதலில் உருப்போடுவது மேஜர் ஸ்கேலை. 2-2-1-2-2-2-1 என்று ஃப்ரெட் கணக்கு. நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். விரல்களுக்கு அந்த வடிவம் பழகிவிட்டால், இரண்டு ஃப்ரெட் தள்ளி வைத்தால் போதும். 'ஸி' ஸ்கேல் 'டி' ஆகிவிடும். சௌகரியம்!

ஆனால், ஓர் இடத்தில் உதைக்கும். மற்ற கம்பிகளுக்கு இடையே ஐந்து ஃப்ரெட் வித்தியாசம். 'ஜி'க்கும் 'பி'க்கும் நடுவே மட்டும் நான்கு. அங்கே வடிவத்தை ஒரு ஃப்ரெட் நகர்த்தணும். விரலை மட்டும் நம்பினால் அபஸ்வரம். காது பழகியிருந்தால் சட்டென்று திருத்திக்கொள்ளலாம்.

ஜாஸ் கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல், 18 வயதில், தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கின. பழகிய வடிவமெல்லாம் போச்சு. சங்கீதம் போகவில்லை. மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்தே புது வழி கண்டுபிடித்தார்.

'பொய் சொல்லாதே' என்று நமக்குச் சின்ன வயதில் பழக்கியதும் விரல் பாடம்தானே? பழகத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால், சாகக் கிடக்கும் அம்மா, வராத பிள்ளையைப் பற்றி "தம்பி வந்துட்டானாப்பா?" என்று கேட்கிறாள். விரலை விடுங்கள். உங்கள் காது என்ன சொல்கிறது?