விதியா, விட்ட கடமையா?

குச்சவெளி முதல் மூதூர் வரை தண்ணீரை நம்பி வாழும் திருகோணமலை மாவட்ட மக்கள் 2021 நவம்பர் 23ஆம் நாளை மறக்கமாட்டார்கள். அன்று காலை கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். புதுப் பாலத்தின் வேலை முடியாததால் அந்தப் பாதையில் ஏறியவர்கள் அவர்கள்.

"எல்லாம் விதி" என்பர் சிலர். "ஆண்டவன் சித்தம்" என்போரும் உண்டு. வாசகரே, சற்றுச் சிந்தியுங்கள். புயல் எழுவது நம் கையில் இல்லை. ஆனால் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை மனிதனே தீர்மானிக்கிறான். ஆட்கள் நெருக்கி நின்றால் மேற்பாரம் கூடும். ஒரு பக்கம் ஒதுங்கினால் அமைதியான நீரிலும் படகு புரளும். இதைக் கடலோரத்துச் சிறுபிள்ளையும் அறியும். அறிந்தும் தடுக்காததை ஆண்டவன் தலையில் சுமத்துவது நியாயமா?

பழி படகோட்டிக்கு மட்டுமா? அனுமதி கொடுப்பவருக்கும், சோதித்துப் பார்க்க வேண்டியவருக்கும் அதில் பங்குண்டு. வேறு வழியின்றிப் பிள்ளையை ஏற்றிவிட்ட தாயைக் குறைசொல்வதோ கொடுமை. மாற்றுவழி செய்யும் அதிகாரம் எவருக்கு அதிகமோ, அவருக்கே பொறுப்பும் அதிகம்.

செய்த தீமைக்கு மட்டுமன்றி, செய்யத் தவறிய கடமைக்கும் திருப்பலியில் நாம் மன்னிப்புக் கேட்கிறோம். அது வெறும் வாய்ச்சொல் ஆகலாமா? அடுத்தமுறை படகு நிரம்பும்போது, "ஆள் காணும், மற்றவர்கள் பிறகு வாருங்கள்" என்று சொல்லும் முதல் குரல் உங்களுடையதாகட்டும். கால்மணி நேரத் தாமதத்தால் எவரும் சாவதில்லை.