வினைப்பயனும் கூலியும்

உயிர்கள் இன்பதுன்பங்களை நுகர்வது தத்தம் இருவினைக்கு ஈடாகவே என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 'தொழிலாளி தீயிற்பட்டது அவன் வினை. யான் முதலாளியாயது என் வினை. இதன்கண் முறை, முறைகேடு என வினாவுதற்கு இடம் யாது?' என்பார் சிலர் உளர். சைவர் வாயினின்றும் இக்கூற்று வருதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

சிவகாசியில் 1923இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவிற் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் அதன்பின் வளர்ந்தது. மழை பொய்க்கும் கரிசற்காட்டில் இத்தொழில் சோறிட்டது என்பதை மறுத்தல் நன்றிகொன்ற செயலாம். ஆயினும் அங்கு நடைபெறும் ஒரு வழக்கத்தை நோக்குக. உரிமம் பெற்றான் ஒருவன். அறைகளை உட்குத்தகைக்கு எடுத்தான் மற்றொருவன். எண்ணிக்கைக் கூலிக்கு மருந்து செலுத்துவோர் பிறர். குத்தகைப் பணத்தைத் தீபாவளிக்கு முன் மீட்கவேண்டியவன், நால்வர்க்கு அமைந்த அறையிற் பலரை இருத்துகின்றான். மரத்தடியிலும் மருந்தைப் பரப்புகின்றான். எண்ணிக்கைக் கூலியோ கையை விரைவிக்கும். விரைந்த கையின் உராய்வு தீயை எழுப்பும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நாற்பதின்மர் அளவினர் மாண்டனர். அவ்வாலையின் உரிமம் முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்தும் வேலை நடந்தது!

இனி அவர் கூற்றை நோக்குவாம். வினை சடம், அது தானே சென்று பயனை ஊட்டாது, ஊட்டுவான் இறைவனே என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின்கண் நிறுவப்பட்டது. அங்ஙனமாகப் பிறன் வினைப்பயனை அளந்தறிந்தான் போல முதலாளி உரைப்பது, இறைவன் தொழிலைத் தன்மேலிட்டுக் கொள்வதாம். மாண்டவன் பிராரத்தம் இன்னதென அவன் எங்ஙனம் அறிந்தான்? அன்றியும், நுகர்வோனுக்குப் பிராரத்தமாய்க் கழிவது, அதற்கு ஏதுவாய் நின்று செய்தோனுக்கு ஆகாமியமாய் ஏறும். இவ்விடை ஏற்புடைத்தாயின் கள்வனும் கொலைஞனும் இதனையே கூறித் தப்புவர். பிணியும் வினைப்பயனே, தன் மகன் பிணியுற்றால் மட்டும் அம்முதலாளி மருத்துவனை விரைந்து அழைப்பது என்னை?

'அறையைக் குத்தகைக்கு விட்டேன். தீயை யான் வைத்திலேன்' என்பதும் பொருந்தாது. மனம் வாக்குக் காயம் மூன்றானும் வினை ஈட்டப்படும். ஊதியத்திற்குக் கை நீட்டியவன் ஊறு நேர்ந்துழிக் கையை மறைத்தல் யாண்டைய நீதி?

'யான் ஒருவனே கூலியும் காவலும் மிகுத்தால் விலை ஏறும். வடநாட்டு வணிகர் அயலானிடம் கொள்வர்' என்னும் ஒன்றே செவிசாய்த்தற்கு உரியது. இவ்விடர்ப்பாடு சிவகாசிக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் தீப்பெட்டி செய்த பெண்டிர் 1888இல் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளைப் பாஸ்பரஸ் அத்தொழிலாளர் தாடையெலும்பை அரித்துவந்த காலம் அது. தீங்கென அறிந்தும், மலிவான அதனைத் தனித்து விடுவார் அரியராயினர். 1906இல் பெர்ன் நகரிற் கூடிய நாடுகள் சில, அம்மருந்திட்ட தீப்பெட்டியைச் செய்தலும் விற்றலும் ஆகாவென உடன்பட்டன. 1908இல் இங்கிலாந்தும் சட்டஞ் செய்தது. தனித்து அஞ்சினோர் கூடியவழி அச்சம் நீங்கினர். சிவகாசி முதலாளிகளும் கூலிக்கு ஒரு கீழெல்லையும், உட்குத்தகைக்கு முற்றும் விலக்கும் தம்முட் கூடி வரையறுத்தல் இயலாததன்று. உடன்படாது நிற்பானுக்கு மேற்கூறிய சமாதானமும் இல்லையாம்.

மடங்களைச் சார்ந்த நமக்கும் இதிற் பங்குண்டு. திருப்பணிக்கெனப் பொன்னொடு வரும் ஆலைத் தலைவரை நாம் பரிவட்டம் கட்டி ஏற்கின்றோம். அதற்கு முன், 'நும் ஆலையை நடத்துவார் நீவிரோ, பிறரோ? ஓரறையில் எத்துணையர் இருக்கின்றனர்?' என்று இரண்டு வினாவேனும் வினாவுதல் கூடாதோ?