கின்னரம் தொங்கிய மரம்

சங்கீதம் 137. எடுத்தாச்சா? யாரோ ஒருத்தர் போன் அடிக்குது. அணைச்சிடுங்கம்மா, நாம பாபிலோன் வரைக்கும் போகணும்.

இந்தச் சங்கீதத்துல அலரின்னு வாசிக்கிறோமே, அது நம்ம வேலியோர அரளி இல்லை. வில்லோ மரம். ஐபிராத்து நதிக்கரை பாப்லர்தான்னு சில தாவர அறிஞர்கள் சொல்றாங்க. அதுவும் இதே குடும்பம்தான். வாலிபத் தம்பிமாரே, ஆராதனைக்கு மட்டம் போட்டுட்டு கிரிக்கெட் ஆடப் போறீங்களே, அந்தக் காஷ்மீர் பேட்டும் வில்லோதான்! சிரிக்காதீங்க, உங்களத்தான் சொல்றேன்.

இந்த மரத்துல ஒரு கிளையை ஒடிச்சு ஈரமண்ணுல ஊனினாப் போதும், வேர் விட்டுடும். கி.மு. 586-ல எருசலேம் எரிஞ்சுது, ஆலயம் போச்சு. வேரோட பிடுங்கப்பட்டு பாபிலோனுக்குப் போன ஜனத்துக்குக் கர்த்தர் எந்த மரத்தடியைக் கொடுத்தார் பாருங்க!

அங்க போய் என்ன செஞ்சாங்க? உட்கார்ந்தாங்க. அழுதாங்க. தங்களோட தந்தி வாத்தியமான கின்னரத்தை மரத்துல மாட்டினாங்க. கவனிங்க, உடைக்கலை. ஆத்துல எறியலை. விக்கலை. மாட்டினாங்க! நாம என்ன செய்யறோம்? ஒரு துக்கம் வந்தா பாட்டு நோட்டையே கிழிச்சுப் போடுறோம். "இனி நான் பாட மாட்டேன் ஐயா"ன்னு என்கிட்டயே வந்து சொல்றீங்க. பாட வேண்டாம் தாயி, கொஞ்ச நாள் மாட்டி வை. உடைக்காதே.

இன்னொண்ணு. லேவியராகமம் 23:40 ஞாபகம் இருக்கா? கூடாரப் பண்டிகை. ஏழு நாள் சந்நிதியில சந்தோஷமா இருன்னு சொன்ன கர்த்தர், கையில எதைக் கொண்டுவரச் சொன்னார்? பேரீச்சை ஓலையோட ஆத்தங்கரை அலரியையும்தானே! பண்டிகைக்குக் கையில பிடிச்ச அதே கிளை, அந்நிய தேசத்துல தலைக்கு மேல நிக்குது. அந்த இலையைப் பார்த்ததும் அவங்களுக்கு எருசலேம் ஞாபகம் வந்திருக்காதா? எனக்கு இதை நினைச்சாலே நெஞ்சு அடைக்குது.

சிறைபிடிச்சவன் சீயோன் பாட்டு கேட்கிறான். எப்படிப் பாடுவோம்னு இவங்க கலங்குறாங்க. ஆனா அந்தக் கலக்கத்தையே பாட்டாக்கி வெச்சிருக்காங்களே, அதைத்தானே இப்ப கையில வெச்சிருக்கோம்! பாட்டு எழுதுற தம்பி, பின்னால உட்கார்ந்திருக்கியே, உனக்குத்தான். வரிகள் வரலைன்னு ராத்திரியெல்லாம் தலையைப் பிச்சுக்காதே. தண்ணி ஓரமா ஒரு மரத்தடியில போய்ச் சும்மா உட்காரு. அழுகை வந்தா அழு. வரலைன்னா, வரலைன்னே எழுது. எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு வானம் திறந்தது எங்கே? அதே தேசத்துல, கேபார் நதிக்கரையில!

மாட்டி வெச்சது என்ன ஆச்சு? எஸ்றா 2:41. திரும்பி வந்தவங்க கணக்குல பாடகர், ஆசாபின் புத்திரர், 128 பேர். பாபிலோன்ல இருந்து எருசலேமுக்கு வர எஸ்றாவுக்கு நாலு மாசம் ஆச்சு. அவ்வளவு தூரம்! ஆனா பாடகர் கூட்டம் அழியலை. ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டப்போ அவங்கதான் கைத்தாளத்தோட நின்னாங்க. நெகேமியா 12-ல மதில் பிரதிஷ்டைக்குத் தந்தி வாத்தியமும் வந்திருச்சு. ஏன்? உடைக்கலை ஐயா, உடைக்கலை! மாட்டித்தான் வெச்சாங்க.

வீட்டுக்குப் போய் 137-ஐச் சத்தமா வாசிங்க, ஒன்பது வசனம்தான். கடைசி வசனங்கள் ரொம்பக் கசக்கும். தாண்டிப் போயிடாதீங்க, அந்தக் கோபத்தையும் அவங்க கர்த்தர்கிட்டயே கொண்டுபோனாங்க. அதை அடுத்த ஞாயிறு பேசுவோம்.