செவிவழி வந்த சந்திரகாந்தம்

கையிலே மல்லிகை, காதிலே கதை. பினாங்கின் ஜார்ஜ் டவுன் உறங்கிய பிறகு, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனுக்கு விடியலில் சாற்றவேண்டிய சரத்தைக் கட்ட உட்காருவது என் நெடுநாள் வழக்கம். கண்புரை விழுந்து எழுத்தெல்லாம் பனிமூட்டமாகிப் போனபோது, “படிக்க முடியாவிட்டால் என்ன பாட்டி, கேளுங்கள்” என்று பேரன் கைப்பேசியில் ஒரு நாவலை ஏற்றித் தந்தான். வில்கி காலின்ஸ் எழுதி 1868-இல் வெளிவந்த ‘தி மூன்ஸ்டோன்’. லிப்ரிவாக்ஸ் அன்பர்கள் கூலி கேளாமல் வாசித்து வைத்த, ஏறத்தாழ இருபது மணி நேரத்து ஒலிநூல். பள்ளியில் சுருக்கப் பதிப்பாகப் படித்த கதைதான். வைரத்தை எடுத்தது யார் என்பது ஒன்றே அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. அது யாருடைய வைரம் என்று நான் கேட்கவே இல்லையே, தாயே!

பக்தியின் ஒன்பது நெறிகளில் சிரவணத்தை முதலில் வைத்தார்கள் பெரியோர். ஏன் என்று அந்த இரவில் அறிந்தேன். கண்ணுக்கு இமை உண்டு, வேண்டாததை மூடிவிடும். செவிக்குக் கதவேது? திறந்தே கிடக்கும் அந்தச் சந்நிதியில் முகமறியாத ஒரு குரல் நுழைந்து, சோமநாதம் என்று ஒரு சொல் சொன்னது. சரம் கையிலேயே நின்றது. சோமநாதம்! தட்சனின் சாபத்தால் நாளுக்கு நாள் தேய்ந்த சந்திரன், தேய்ந்த உடலோடு தவமிருந்து, ஈசனின் சடைமுடியிலே இடம் பெற்று மீண்டும் வளர்ந்த அந்தப் பிரபாச க்ஷேத்திரம்! விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் ஒருவர் தம் துப்பறியும் கதையின் முதல் தீபத்தை அங்கிருந்தல்லவா ஏற்றியிருக்கிறார்!

சந்திரதேவனின் நெற்றியிலே ஒரு மஞ்சள் வைரம். வானத்து மதியோடு தானும் வளர்ந்து தேய்கிற ஒளி. கஜினி மாமூது படையெடுத்தபோது மூன்று அந்தணர் அந்தத் திருமேனியை இருளோடு இருளாகக் காசிக்குக் கொண்டுபோகிறார்கள். கனவிலே திருமால் தோன்றி, மனித குலம் உள்ளவரை மூவர் மாறி மூவர் இம்மணியைக் காக்கவேண்டும் என்று ஆணையிடுகிறான். பின்னர் வந்த படைவீரன் ஒருவன் அதைக் கவர்கிறான்; மணி கை மாறுகிறது; காவல் மட்டும் மாறுவதில்லை. வேடம் பூண்டு, பெயர் துறந்து, தந்தைக்குப் பின் மகனாக அந்த மூவர் பின்தொடர்கிறார்கள். கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தானின் குத்துவாள் பிடியிலே வைரம். 1799 மே 4, கோட்டை விழுந்த நாளில், ஹெர்ன்காசில் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் ரத்தம் தோய்ந்த கை அதைப் பற்றுகிறது.

மணியின் கதை காலின்ஸின் கற்பனை. கோட்டை விழுந்தது மெய். அந்த மெய்யோ என் சன்னலுக்கு வெளியே கிடக்கிறது! ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த காலத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. அடுத்த ஆண்டு, 1800-இல், எங்கள் தீவுக்கு எதிர்க்கரை கும்பெனியார் வசமானபோது அவர் பெயரையே அதற்குச் சூட்டி வெல்லெஸ்லி மாகாணம் என்றார்கள். இந்தக் கரையிலே நிற்கிற கோட்டைக்கோ, 1792-இல் அதே திப்புவைப் பணியவைத்த கார்ன்வாலிஸின் பெயர். வெற்றியாளரின் பெயர்களை இரு கரையிலும் மாட்டிக்கொண்ட கடல் இது. ஆனால் இன்று எதிர்க்கரையை என்னவென்று அழைக்கிறோம்? செபராங் பிறை! மலாய்ச் சொல்லின் வேர் வேறாக இருக்கலாம், இருந்துபோகட்டும். தமிழ் நாவுக்கு அது பிறை. வென்றவனின் பெயர் உதிர்ந்துவிட்டது, பிறை நிலைத்துவிட்டது. பிறைசூடியே, இதுவும் உன் விளையாட்டா! எழுபது ஆண்டாய் ஃபெர்ரியில் ஏறி இறங்கிய எனக்கு, ஒரு நாவலின் குரல் வந்தல்லவா அந்தப் பெயரைக் காதில் ஓதவேண்டியிருந்தது!

கதை இங்கிலாந்துக்குப் போகிறது. யார்க்ஷயர் மாளிகை, ரேச்சலின் பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வரும் மணி, அன்றிரவே அது மறைவது, ரோஜாச் செடிகளில் உயிர் வைத்திருக்கும் சார்ஜண்ட் கஃப், புதைமணலில் தன்னை ஒப்புக்கொடுத்துவிடும் ஏழைப் பணிப்பெண். பலர் மாறி மாறிச் சொல்லும் கதை, பலர் குரலில் மாறி மாறி வந்தது. நல்ல கதைதான். ஆனால் என் நெஞ்சம் மாளிகைக்குள் நிற்கவில்லை. வாசலுக்கு வெளியே, கழைக்கூத்தாடிகள் போல் மத்தளம் தட்டிக்கொண்டு நிற்கிற அந்த மூவரிடம் ஓடிவிட்டது. ஒரு சிறுவனின் உள்ளங்கையில் கறுப்பு மையை ஊற்றி, மணி எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்கிறார்களே, அது நம் பாட்டிமார் அறிந்த மை போட்டுப் பார்த்தலல்லவா! அந்நிய மண்ணில், குளிரில், சந்தேகக் கண்களுக்கு நடுவில், ஒரு குழந்தையின் கைக்குழியிலே தங்கள் சுவாமியின் திருநெற்றியைத் தேடுகிறார்கள். மாளிகைக்கு அவர்கள் களவாட வந்தவர்கள். எனக்கு? திலகம் இழந்த திருமுகத்தை ஒரு கணமும் மறவாத அடியார்கள். கடல் கடந்ததால் குலம் போயிற்று, கூத்தாடி வேடத்தில் மானம் போயிற்று, தேடலிலேயே ஆயுள் போயிற்று. எல்லாம் போய், அவன் நெற்றி மட்டும் மிஞ்சிய நெஞ்சம் எப்படிப்பட்டதம்மா! நான் உனக்காக எதை இழந்தேன்? முழம் மல்லிகையும் இரண்டு மணி உறக்கமும்!

ஒன்று என்னை நடுங்கச் செய்தது. மணியை மீட்கும் வேளையில் ஓர் உயிரைப் பறித்துவிடுகிறார்கள். பக்தி என்ற சொல்லால் அந்தப் பழியைக் கழுவ எனக்குத் துணிவில்லை. அன்று சரத்தைப் பாதியில் வைத்துவிட்டு அழுதேன். அவர்களையும் இறந்தவனையும் சேர்த்தே உன் காலடியில் வைத்தேன்.

எழுதியவரையும் வைத்தேன். தாய் மரணப் படுக்கையில். தானோ மூட்டுவாதத்தில் முடங்கி எழுத மாட்டாத நிலை. டிக்கன்ஸின் வார இதழோ அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறது. வலி ஓய்ந்த இடைவேளைகளில், படுத்தபடியே ஒரு பகுதியை வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். குரலாய்ப் பிறந்த பகுதி, நூற்றைம்பது ஆண்டு கழித்துக் குரலாகவே ஒரு பார்வை மங்கியவளிடம் வந்தது. வலியில் கிடந்த மகனே, நீ அனுப்பியது வந்து சேர்ந்ததப்பா!

பிறகு அந்தக் கடைசி அத்தியாயம். ஓ, அந்தக் கடைசி அத்தியாயம்! 1850, கத்தியவார். மர்த்வைட் என்னும் பயணி மாறுவேடத்தில் மக்களோடு மக்களாக நிற்கிறார். மலைச்சரிவெல்லாம் வெள்ளுடை மனிதர்கள், ஆயிரம் ஆயிரமாய், நிலவிலே நனைந்து, சமவெளிவரை வழிந்து. அந்தக் கடலை நான் அறிவேன்! எங்கள் தண்ணீர்மலையில் தைப்பூசப் பௌர்ணமியில் அது மஞ்சள் கடல். பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து 1894 முதல் புறப்படுகிற வெள்ளி ரதம், தமிழரும் சீனரும் உடைத்துக் குவித்த தேங்காய்களின் மேலே, ஈர மணத்தின் மேலே, மிதந்து வருகிறதே, அந்தக் கணம்! அந்த மஞ்சள் ஒளியைத்தானே அந்த வைரத்துக்குள் அடைத்து வைத்தாய்!

மூவரும் பிரிகிறார்கள். சாதி விலக்குக்குப் பரிகாரம் தீர்த்த யாத்திரை, மூன்று திசை, இனி ஒருவரை ஒருவர் காணவே கூடாது. தழுவிக்கொள்கிறார்கள். கூட்டம் வழிவிடுகிறது. அவர்கள் நடந்து மறைகிறார்கள். பின்னே திரை விலகுகிறது. மான்மேல் அமர்ந்து, நான்கு கரமும் நான்கு திக்கும் நீள, சந்திரதேவன். நெற்றியிலே மணி! திரும்பிவிட்டது! திரும்பிவிட்டதம்மா! உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்தவர்களோ அந்த ஒளியைத் திரும்பிப் பார்க்கவும் நிற்கவில்லை. முதுகிலே பட்ட நிலவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

குரல் ஓய்ந்தது. மடியிலே சரம் முடிந்திருந்தது; எப்போது முடித்தேன் என்று விரல்களுக்கே தெரியவில்லை. கிழக்கு வெளுக்கப் பூக்கூடையோடு நடந்தேன். 1833 முதல் உன் வாசலாய் நிற்கிற வாசல். உள்ளே முதல் கற்பூரம். எனக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள். மங்கலான என் கண்ணுக்கு உன் முகம் தெரியவில்லை, கண் தெரியவில்லை, நகை எதுவும் தெரியவில்லை. நெற்றியிருக்கும் இடத்தில் மஞ்சளாய் ஓர் ஒளி. அம்மா! அம்மா!